கிளுவை வேலியில் ஒரு தேவாங்குக் குட்டி

வாடிப்பட்டிக்குப் பக்கத்தில் அப்பா விட்டுப்போன நிலத்தைச் சுற்றிக் கிளுவையும் வெள்வேலமும் அடர்ந்த பழைய வேலி இருந்தது. நான் பழங்காநத்தத்தில் குடியிருந்துகொண்டு அலுவலகம் போகிறவன்; நினைத்தபோது போய்ப் பார்க்க முடியாது. வேலியை எடுத்துவிட்டுக் கம்பி போட்டால் கவலையில்லை என்று, ஒரு சனிக்கிழமை காலை ஜேசிபி வரவழைத்தேன்.

பாதி வேலி சாய்ந்தபோது ஓட்டுநர் வண்டியை நிறுத்திவிட்டு இறங்கினார். சாய்ந்து கிடந்த கிளையில், என் உள்ளங்கை அளவுகூட இல்லாத தேவாங்குக் குட்டி ஒன்று குச்சியை இறுக்கிப் பிடித்திருந்தது. வெயில் தாங்காமல் கண்களை மூடி மூடித் திறந்தது. தாயைக் காணவில்லை.

"அண்ணே, தாய் உள்ள நசுங்கிருச்சோ என்னமோ. இனி நான் வண்டிய எடுக்க மாட்டேன்."

இருவரும் முள்ளை விலக்கி விலக்கித் தேடினோம். ரத்தமும் இல்லை, உடலும் இல்லை.

வனத்துறைக்குப் போன் செய்தேன். புலியைப் போலவே தேவாங்குக்கும் சட்டத்தில் உயர்ந்த பாதுகாப்பு உண்டு என்றும், வேலிகள் போகப் போக அவற்றுக்குத் தங்க இடமில்லாமல் போகிறது என்றும் வனக்காவலர் சொன்னார். வழக்கு வருமோ என்றுதான் நான் பயந்துகொண்டிருந்தேன். அவர் அதைப் பேசவே இல்லை.

"வீட்டுக்குக் கொண்டு போயிராதீங்க சார். கிளையோட தூக்கி, நிக்கிற வேலியில கட்டி விடுங்க. தாய் உசுரோட இருந்தா பொழுதடைய வந்து தூக்கிக்கிரும். நான் வாரேன்."

கட்டிவிட்டுத் தள்ளி உட்கார்ந்தோம். காக்கை வந்து அமரும்போதெல்லாம் எழுந்து ஓடினேன். மதியத்துக்கு மேல் குட்டியிடம் அசைவே இல்லை. கிட்டப் போய்ப் பார்க்கவும் பயம். ஓட்டுநர் சாப்பிடக்கூடப் போகவில்லை. நாலு மணிக்கு வந்த வனக்காவலரும் எங்களோடு உட்கார்ந்துகொண்டார்.

வெளிச்சம் மங்கியபோது கிளுவைக்குள்ளிருந்து மெலிந்த கை ஒன்று நீண்டது. பிறகு தாய் மெல்ல வெளியே வந்தது, ஒரு பின்காலை இழுத்தபடி. குட்டி அதன் வயிற்றில் ஒட்டிக்கொண்டதும் இரண்டும் இலைகளுக்குள் போய்விட்டன. ஓட்டுநர் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

மிச்ச வேலியை அப்படியே விட்டுவிட்டேன். ஆனால் பக்கத்து நிலத்துக்காரர் தன் வேலியை எடுக்கப் போகிறார். வேண்டாமென்று கேட்டுப் பார்த்தேன், யோசிக்கிறேன் என்றார். அந்தக் காலோடு தாய்த் தேவாங்குக்கு என் அரை வேலி மட்டும் போதுமா என்று வனக்காவலரிடம் கேட்டேன்.

"தெரியல சார்," என்றார்.