நல்லா தூங்குறான்

நான் வெட்டினேன். டாக்டரம்மாவின் வாழ்க்கையிலிருந்து ஒரு குழந்தையை வெட்டி எறிந்தேன். கத்தியால் அல்ல... என் மடிக்கணினியில், ஒரே ஒரு தட்டலில்!

அந்தக் காணொளி உங்களுக்கும் வந்திருக்கும். குளுவாங் வட்டார ரப்பர்த் தோட்டங்களுக்கு வந்த முதல் குழந்தை மருத்துவர், செம்மண் பாதையில் தானே கார் ஓட்டிப்போய் வைத்தியம் பார்த்தவர்... அதை எடுத்தவன் நான்தான். கைதட்டினீர்கள் அல்லவா?

நீங்கள் பார்க்காதது இது.

பல வருடங்களுக்கு முன் ஒரு மாலை, லாபிஸ் பக்கத்துத் தோட்டத்து ஆபீஸ் போனிலிருந்து ஒரு தாய் டாக்டரம்மாவை அழைத்திருக்கிறார். மகனுக்கு வயிற்றுப்போக்கு.

"இப்ப எப்படி இருக்கான்?"

"அழுகை நின்னுருச்சு டாக்டர். நல்லா தூங்குறான்."

நிம்மதியடைந்த டாக்டரம்மா, காலையில் வருவதாகச் சொல்லிவிட்டார். அது தூக்கமல்ல... உடம்பில் நீர் வற்றிய மயக்கம்! மறுநாள் அவர் போனபோது குழந்தை உயிரோடு இல்லை.

"எழுப்பிப் பாருங்கன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கணும் தம்பி." தனியாக வாழ்ந்த வீட்டில், என் கேமராவைப் பார்த்துச் சொன்னார். "அந்தம்மா இன்னும் என்னைக் கும்புடுறாங்க. நேர்ல சொல்ல வாய் வரல. அதான் உன் படத்துல சொல்லிட்டேன். படம் போடுற அன்னிக்கு அவங்களையும் கூட்டிட்டு வரேன். வெட்டிட மாட்டியே?"

"சேச்சே! மாட்டேன் டாக்டர்!"

ஏன் வெட்டினேன்? அவர் பெயருக்குக் கறை வேண்டாமென்றா? பொய்! என் படத்துக்குக் கறை வேண்டாமென்று...

மண்டபத்தில் அந்தத் தாயின் கையைப் பிடித்தபடி டாக்டரம்மா திரையையே பார்த்திருந்தார். காத்திருந்தார். கடைசியில் பெயர்கள் ஓடின. விளக்கு எரிந்தது.

"அலமாக்! சினிமா ஸ்டார் மாதிரி இருக்கீங்க லா டாக்டர்!" என்று அந்தத் தாய் சிரித்தார்.

டாக்டரம்மா கையை மெல்ல விடுவித்துக்கொண்டு என்னிடம் வந்தார். "அந்தப் பையன் எங்க போனான் தம்பி?"

"டைம் பத்தல டாக்டர்..."

அதன்பின் அவர் என்னிடம் பேசவில்லை. மழைக்காலம் முடியுமுன் இறந்துபோனார். அந்த வீட்டில், தனியாக.

வெட்டிய துண்டு என்னிடம்தான் இருக்கிறது. அந்தத் தாய்க்கு அனுப்பவா? அனுப்பினால் டாக்டரம்மாவின் பாரம் இறங்குமா... அல்லது என் பாரத்தைத்தான் அவர் தலையில் ஏற்றுவேனா? சொல்லுங்களேன்!

இன்றும் அந்தத் தாயிடமிருந்து ஒரு குரல் பதிவு வந்தது. "டாக்டர் படத்தை மறுபடியும் பாத்தேன் தம்பி. எம்புள்ளைய மறக்காத மனுஷி. நீங்க நல்லா இருக்கணும்."

பதில் தட்டினேன். அழித்தேன். மறுபடியும் தட்டினேன்...

கும்பிடும் கைகளின் எமோஜி ஒன்றை மட்டும் அனுப்பினேன்.