எலுமிச்சம்பழத்தில் கழித்த சத்தியம்

தாமல் ஊர்க் கமலவேணிக்கு வெள்ளிக்கிழமை என்றால் ஏரிக்கரை ஆசிரமம்தான். பஸ் நிறுத்தத்து இட்லிக்கடையைச் சீக்கிரம் கட்டிவிட்டு, ஆசிரமத்து அடுப்படிக்குப் போய்ப் பிரசாதம் செய்வாள். கூலி கேட்டதில்லை. மைக்கில் சாமியார் சொல்லும் நல்லது நாலு காதில் விழுகிறதே, அது போதும் என்பாள். புருஷன் போன பிறகு மகள் ஜீவிதாவைத் தனியாளாய் வளர்த்தவள். அவளுக்கு அந்தக் குரல் பெரிய துணையாயிருந்தது.

கேட்டதைக் கேட்டதோடு விடுகிறவள் அல்ல அவள். ஜீவிதாவுக்கு ஐயம்பேட்டையிலிருந்து நல்ல சம்பந்தம் வந்தது. சின்ன வயதில் அவளுக்கு வலிப்பு வந்து, மருந்தில் குணமாகிப் பல வருஷம் ஆகியிருந்தது. சொல்லலாமா வேண்டாமா என்று கமலவேணி சாமியார் முன்னால் போய் நின்றாள். மறைப்பதும் பொய்தான் என்றார் அவர். பூ வைக்க வந்தவர்களிடம் சொல்லிவிட்டாள். வந்தவர்கள் காப்பியைக் குடித்துவிட்டுப் போனவர்கள்தான், திரும்பி வரவில்லை.

அதோடு போயிருந்தாலும் தேவலை. அடுத்த வெள்ளிக்கிழமை சாமியார் அவளை மேடையேற்றி, வாய்மைக்கு இந்தத் தாயைப் பாருங்கள் என்று முழுக் கதையையும் மைக்கில் சொன்னார். கூட்டம் கை தட்டியது. ஜீவிதாவின் வலிப்பு சுத்துப்பட்டு ஊருக்கெல்லாம் தெரிந்தது அன்றைக்குத்தான். அதற்கப்புறம் யாரும் பெண் கேட்டு வரவில்லை. காஞ்சிபுரத்துப் பட்டுச்சேலைக் கடையில் வேலை முடிந்து வரும் மகள், அம்மாவிடம் முகம் கொடுத்துப் பேசுவதை விட்டுவிட்டாள். கமலவேணி பொறுத்துக்கொண்டாள். தர்மம் என்றால் வலிக்கத்தான் செய்யும் என்று சாமியார் சொல்லியிருந்தார். அவருக்கு எங்கே வலித்தது என்று அவள் கேட்கவில்லை.

பஞ்சாயத்துத் தேர்தல் வந்தது. ஆசிரம வாசலில் தேர்தல் ஜீப் நின்றது. தலைவர் பதவிக்கு நின்ற மாணிக்கவேல்தான் தர்மத்தின் ஆள் என்றார் சாமியார். பெண்களை வரிசையாக நிறுத்தி, எரிகிற கற்பூரத்தை உள்ளங்கையால் அடித்து அணைத்து, மாணிக்கவேலுக்கே ஓட்டு என்று சத்தியம் செய்யச் சொன்னார். கற்பூரம் அடித்துச் சொன்ன சொல்லை மாற்றினால் குலத்துக்கு ஆகாது என்பது எங்கள் பக்கத்து வழக்கம். மாணிக்கவேல் யோக்கியன் என்று கமலவேணி நினைக்கவில்லை. சாமியார் சொன்னாரே என்று அடித்தாள்.

சத்தியம் வாங்கியாயிற்று, பிறகுதான் பேரம் நடந்தது. ஏரிப் புறம்போக்கை வளைத்து ஆசிரமம் வேலி போட்டிருந்தது. ஜெயித்தால் அதில் கை வைக்கக் கூடாது என்று சாமியார் கேட்டதற்கு மாணிக்கவேல் மென்று முழுங்கினான். எதிர்த்து நின்ற வரதராஜன் கேட்டதுமே தலையாட்டினான். அடுத்த வெள்ளிக்கிழமைக்குள் தர்மம் மூட்டை கட்டிக்கொண்டு வரதராஜன் வீட்டுக்குக் குடி போய்விட்டது.

அன்றைக்கு ஒரு கூடை எலுமிச்சம்பழம் வந்து இறங்கியது. தலையைச் சுற்றிப் பழத்தை அறுத்துப் போட்டால் பழைய சத்தியம் கழிந்துவிடுமாம். பிறகு வரதராஜன் பேருக்குப் புதுக் கற்பூரம். பெண்கள் ஒவ்வொருவராகத் தலையைக் குனிந்துகொண்டு போனார்கள். அடுப்படியிலிருந்து கமலவேணியையும் கூப்பிட்டார்கள். ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு வந்தவள், பழக்கூடையைப் பார்த்தபடியே நின்றாள்.

"சாமி, என் பொண்ண பாக்க வந்தப்போ இந்தப் பழம் உங்ககிட்ட இல்லியா?"

சாமியார் புரியாமல் பார்த்தார்.

"இருந்திருந்தா நானும் ஒண்ண அறுத்துப் போட்டுட்டு கம்முனு இருந்திருப்பேன். அவ இந்நேரம் புள்ள குட்டியோட இருப்பா."

"அது குடும்ப விஷயம்மா. இது பொதுக்காரியம். இதுல தர்மம் கொஞ்சம் நெளிவு சுளிவாத்தான் போவும்."

"எங்க வீட்டுக்கு வந்தப்போ மட்டும் வெறப்பா நின்னுக்கினு இருந்துச்சே."

வரிசையில் யாரோ சேலைத்தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். சமையல்காரிக்கு எதற்கு இந்தப் பேச்சு என்றான் வரதராஜனின் ஆள் ஒருவன். மேடையில் தாய் என்று சொன்ன சாமியார் அவனை ஏன் என்று கேட்கவில்லை. கமலவேணி உள்ளே போய், வந்தவர்களுக்கெல்லாம் பரிமாறி முடித்துவிட்டுத்தான் வெளியேறினாள். சோறு என்ன பாவம் செய்தது.

நடந்ததை வீட்டில் ஜீவிதாவிடம் சொன்னாள்.

"வலிப்பு வந்தது எனக்குத்தானம்மா. என்னைக் கேட்டிருந்தா நானே சொல்லியிருப்பேன். அந்தாள போயி எதுக்குக் கேட்ட?"

கமலவேணி அழுதாள். மகள் இரண்டு தட்டை எடுத்து வைத்து, நெடுநாளைக்குப் பிறகு பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டாள்.

கமலவேணி மாணிக்கவேலுக்குத்தான் ஓட்டுப் போட்டாள். அவனுக்காக அல்ல, அடித்த கை தன் கை என்பதற்காக. அவன் ஜெயித்தும் விட்டான். அந்த வெள்ளிக்கிழமையே சாமியார் அவனுக்குப் பொன்னாடை போர்த்தி, சொன்ன சொல் தவறாமை பற்றிப் பேசினார். வேலியும் இருந்த இடத்திலேயே இருந்தது.

மறுநாள், ஆசிரமத்துக்கு ஆள் சேர்க்கும் ஜெயப்ரியா இட்லிக்கடைக்கு வந்தாள். சாமி உன்னை மன்னிச்சிட்டாராம், வரச் சொன்னார் என்றாள்.

"மன்னிச்சிட்டாரா, ரொம்ப சந்தோஷம்" என்றாள் கமலவேணி, இட்லித்தட்டில் மாவை ஊற்றிக்கொண்டே. "நான் இனிமே வெள்ளிக்கிழமைல காமாட்சி கோயிலுக்குப் போறேன்பா. அவ இதுவரைக்கும் யாருக்கும் ஓட்டு கேட்டதில்ல."