கையுறை போட்ட தோசை மாஸ்டர்

ஓய்வு பெற்றவனை வீட்டில் வைத்துக்கொண்டு சமாளிப்பது எவ்வளவு பெரிய வேலை என்று என் மனைவியைக் கேட்டால் சொல்வாள். சுரங்கத்தில் கன்வேயர் பெல்ட்டைப் பார்த்துக்கொண்டிருந்த நான், குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட்டு வடலூர் சாலையில் சொந்த வீட்டுக்கு வந்த புதிதில் பால்காரரோடு சண்டை, கேபிள்காரரோடு சண்டை, ஆள் கிடைக்காவிட்டால் மின்விசிறியோடு சண்டை. ஆடின காலும் பாடின வாயும் சும்மா இருக்குமா? பொறுத்துப் பொறுத்துப் பார்த்தவள், டவுன்ஷிப் கடைவரிசையில் தான் நடத்திவந்த டிபன் கடைக்கு என்னை இழுத்துப்போய்த் தோசைக்கல்லின் முன்னால் நிறுத்தினாள்.

முதலில் சுட்டதெல்லாம் எந்த வடிவத்திலும் சேராதவை. பிறகு கை படிந்துவிட்டது. நைட் ஷிப்ட் முடிந்து வருகிறவர்கள், “மாஸ்டர், முறுகலா ஒண்ணு” என்று கேட்கும்போது எனக்கு நெஞ்சு நிமிரும். வேலை பெர்மனென்ட் ஆன நாளில்கூட நான் அவ்வளவு சந்தோஷப்பட்டதில்லை.

இப்படி இருக்கும்போதுதான், சாப்பாட்டுக்கடை நடத்துகிற எல்லோரும் சுகாதாரப் பயிற்சிக்கு வரவேண்டும் என்று சுகாதார அலுவலகத்திலிருந்து சொல்லி அனுப்பினார்கள். பயிற்சி முடிந்தபின் கடைக்கே வந்து பார்ப்பார்களாம். சரியில்லை என்றால் கடையைத் திறக்க முடியாதாம். நான் சிரித்தேன். பாதுகாப்பு உறுதிமொழி எடுக்காமல் ஒரு ஷிப்டிலும் இறங்காதவன் நான். எனக்குப் பாதுகாப்புச் சொல்லித்தருவது கொல்லன் தெருவில் ஊசி விற்கிற கதைதானே.

பயிற்சி கொடுத்தது ஒரு சின்னப் பெண். என் மகள் வயதுதான் இருக்கும். நகம் வெட்டுங்கள், மோதிரத்தைக் கழற்றுங்கள், இருமல் சளி இருந்தால் அடுப்படிக்கு வராதீர்கள், பச்சைக் கறியையும் வெந்ததையும் தள்ளித்தள்ளி வையுங்கள், சமைக்கும்போது முகத்தைத் தொடாதீர்கள் என்று பொறுமையாகச் சொன்னார். நான் ஒவ்வொன்றையும் அவர் முடிப்பதற்குள் முந்திக்கொண்டு சொல்லிக்கொண்டிருந்தேன். என் மனைவி முழங்கையால் இடித்தும் நிறுத்தவில்லை.

“கிளவுஸ் பத்தி ஒண்ணும் சொல்லலியேம்மா?” என்று கேட்டேன்.

“சோப்புப் போட்டு நல்லா கழுவின கையே போதும் சார். கிளவுஸ் போட்டா அடிக்கடி மாத்தணும்” என்றார்.

விவரம் தெரியாத பெண் என்று முடிவு கட்டினேன். கையுறை இல்லாமல் பெல்ட் பக்கம் போனால் சூப்பர்வைசர் விடுவாரா? அன்று மாலையே மெயின் பஜாரில் ஒரு பெட்டி கையுறை வாங்கினேன்.

மறுநாளிலிருந்து கடை திறக்கும்போது மாட்டினால் மூடும்போதுதான் கழற்றுவேன். அதே கையுறையோடு தோசை சுடுவேன், சில்லறை கொடுப்பேன், காஸ் சிலிண்டரை உருட்டுவேன், மேசையைத் துடைப்பேன், வழியை மறித்து நிற்கிற ஸ்கூட்டரை நகர்த்துவேன். கடை மூடியதும் கையுறையை உருவிப் பார்த்தால் என் கை அப்போதுதான் குளித்ததுபோல இருக்கும். பெருமை தாங்காமல் மனைவியிடம் நீட்டிக் காட்டினேன்.

“ரூவாயயும் அதே கையாலதான வாங்குறீங்க?” என்றாள் அவள்.

“அதுக்குத்தான கிளவுஸ்!” என்றேன். இதுகூடப் புரியவில்லையே இவளுக்கு என்று பரிதாபமாக இருந்தது.

அந்தப் பெண் கடைக்கு வந்தது நல்ல கூட்ட நேரத்தில். வரட்டும், பார்க்கட்டும் என்று கையுறை மாட்டிய கையால் ஒரு கும்பிடு போட்டேன். அவர் ஓரமாக நின்று பார்த்தார். நான் தோசையைத் திருப்பினேன். பார்சலுக்குக் காசு வாங்கினேன். மறுபடி தோசையைத் திருப்பினேன். பிறகு அவர் ஒரு வெள்ளைத் தாளை நீட்டி, அதில் கையுறையோடு உள்ளங்கையை அழுத்தச் சொன்னார். அழுத்தினேன். எண்ணெயும் கருப்பும் செம்மண்ணுமாக ஐந்து விரலும் பதிந்தன.

“சார், உங்க கை ரொம்ப சுத்தமாத்தான் இருக்கு. தோசை?”

சுரங்கத்தில் ஹெல்மெட், பூட்ஸ், கையுறை எல்லாமே போட்டிருக்கிறவனைக் காப்பாற்றத்தான். சாப்பிடுகிறவனை என் கையிடமிருந்து காப்பாற்ற வேண்டும் என்பது என் புத்தியில் ஏறவே இல்லை.

அவர் கோபப்படவில்லை. காசு தொடுகிறவர் சாப்பாட்டைத் தொடக்கூடாது, ஆளைப் பிரித்துக்கொள்ளுங்கள், அடுத்த வாரம் மறுபடி வருகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனார். அவர் தலை மறைவதற்குள் என் மனைவி தீர்ப்புச் சொல்லிவிட்டாள்.

“நீங்க போய்க் காசு வாங்குங்க. தோசைய அவ பாத்துக்குவா.”

அவள் என்றது குள்ளஞ்சாவடியிலிருந்து வேலைக்கு வருகிற அம்மாவை. காசு வாங்கிப்போட யாரால்தான் முடியாது? என்னை யாரும் மாஸ்டர் என்று கூப்பிடாத அந்த நாட்களில் மறுபடி மின்விசிறியோடு சண்டை ஆரம்பித்தது. அந்த அம்மாவின் தோசைகள் வேறு என்னுடையதைவிட வட்டமாக வந்து தொலைத்தன.

என்னைக் காப்பாற்றியதும் அந்த அம்மாதான். “இந்த அனல்ல நின்னுகினு இருந்தா எனக்குத் தலய சுத்துதுக்கா. காச நான் வாங்கிப் போட்டுகினு இருக்கேன். அண்ணனயே நிக்கச் சொல்லுங்க.”

“அவரு கை சும்மா இருக்காதே” என்றாள் மனைவி.

“இருக்கும்” என்றேன். குரல் கெஞ்சுகிற மாதிரி வந்துவிட்டது. வரட்டும்.

அந்தப் பெண் மறுபடி வருகிற காலையில், மோதிரத்தைக் கழற்றி வைத்துவிட்டு முழங்கை வரை சோப்புப் போட்டுத் தேய்த்தேன். கையுறை இல்லாமல் கல்லின் முன்னால் நின்றேன். அவர் வந்து அதே ஓரத்தில் நின்றார். அந்த நேரம் பார்த்து, என்னோடு வேலை பார்த்த பழைய கூட்டாளி சாப்பிட்டு முடித்து, வழக்கம்போல ரூபாயை நேராக என்னிடம் நீட்டினார். என் வலது கை தானாகவே எழுந்துவிட்டது. பாதியில் பிடித்து இழுத்து, இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டேன்.

“அங்க குடுப்பா!” என்று கத்தினேன். கடையே திரும்பிப் பார்த்தது.

அந்தப் பெண் சிரித்துக்கொண்டே, “கடை நடக்கட்டும்” என்றார்.

என் மனைவி வாய் திறந்து பாராட்டுகிற ரகம் இல்லை. மாவுப் பாத்திரத்தைத் தூக்கி வந்து என் பக்கத்தில் வைத்தாள். “முறுகலா ரெண்டு கேக்குறாங்க மாஸ்டர், நிக்காதீங்க” என்றாள்.

அவள் அப்படிக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. எனக்குக் கண் கலங்கிவிட்டது. துடைக்கக் கையைத் தூக்கினேன். நல்லவேளை, நினைவு வந்து, தோளில் துடைத்துக்கொண்டேன்.