அம்மாவின் காதுக்கு நான் காவல்

அம்மாவின் வலது காதுக்குள் ஒரு சத்தம் வந்து குடியேறியபோது எனக்குப் பத்து வயது. குக்கர் விசில் அடிப்பதற்குச் சற்று முன்னால் மெல்லியதாக ஒரு சீறல் கேட்குமே, அது மாதிரி என்பாள். விசிலும் வராதாம், சீறலும் நிற்காதாம். தூங்கப் போகும்போது இருக்கும், விழிக்கும்போதும் இருக்கும்.

அது எப்படி வந்தது என்பது எங்கள் வீட்டில் நான்கு பேருக்கு மட்டும் தெரிந்த ரகசியம். ஓரிக்கையில் நிலம் வைத்திருந்த என் மாமாவுக்குக் கட்சியில் ஏதோ ஒரு பொறுப்பு கிடைத்திருந்தது. மாலையும் மேளமுமாக ஊர்வலம் வந்த தம்பிக்கு ஆரத்தி எடுக்க அம்மா ஆசையாகப் போய் நின்றாள். அவள் இடப்பக்கம் நான் முந்தானையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கூட்டத்தில் யாரோ கொளுத்திப் போட்ட அணுகுண்டு வெடி உருண்டு வந்து அம்மாவின் வலப்பக்கம் வெடித்தது. எனக்கு இரண்டு நாள் காது அடைத்திருந்து, பிறகு சரியாகிவிட்டது. அம்மாவுக்கு ஆகவில்லை. யார் கேட்டாலும் தலைக்குக் குளிக்கும்போது காதில் தண்ணீர் போய்விட்டது என்றே சொன்னாள். மாமாவிடமும் அதைத்தான் சொன்னாள். எங்களிடம், “அவன்கிட்ட மட்டும் சொல்லிடாதீங்க, தாங்க மாட்டான்” என்றாள்.

காதுக்குள் இருக்கும் சத்தத்தோடு அவள் எப்படியோ குடித்தனம் நடத்தக் கற்றுக்கொண்டாள். வெளியிலிருந்து திடீரென்று வரும் சத்தத்தோடுதான் முடியவில்லை. கதவு காற்றில் அறைந்தால், தட்டு விழுந்தால், பின்னால் பஸ் ஹாரன் அடித்தால் அவள் உடம்பு முழுவதும் தூக்கிப் போடும். அதன் பிறகு காதின் சீறல் இரண்டு மடங்காகும் என்பாள். ஒருநாள் கடைத்தெருவில் ஒரு லாரி டயர் வெடித்தது. அம்மா நடுரோட்டில், காய்கறிப் பையோடு, குத்துக்காலிட்டு உட்கார்ந்துவிட்டாள். அதற்குப் பிறகு சந்தைக்குப் போவதை நிறுத்தினாள். பிறகு கோயிலுக்கு, பிறகு கல்யாணங்களுக்கு. இரண்டு காதிலும் பஞ்சை அடைத்துக்கொண்டு செவிலிமேட்டு வீட்டுக்குள்ளேயே இருந்தாள்.

அப்பா ஷிப்டு வேலைக்குப் போகிறவர். அக்கா எட்டாம் வகுப்புப் படிப்பில் மும்முரமாக இருந்தாள். ஆகவே வீட்டின் பாதுகாப்புத் துறையை நானே எடுத்துக்கொண்டேன். குக்கர் சீற ஆரம்பித்ததும் ஓடிப்போய் அடுப்பை அணைப்பேன். எங்கள் வீட்டில் பருப்பு வேகாமலே பல மாதம் ஓடியது. கதவு இடுக்குகளில் பழைய துணியைச் சுருட்டிக் கட்டினேன். எவர்சில்வர் தட்டுகளைப் பரணில் ஏற்றிவிட்டு பிளாஸ்டிக் தட்டுகளை இறக்கினேன். எப்போதாவது அம்மா வெளியே போக நேர்ந்தால் பத்தடி முன்னால் நடப்பேன். மேளமோ வெடியோ தெரிந்தால் கையைத் தூக்குவேன், அம்மா அப்படியே திரும்பிவிடுவாள். என் வயதுப் பெண்கள் தெருவில் ஓடிப் பிடித்து விளையாடுவார்கள். எனக்கு அதற்கு நேரமில்லை. உத்தியோகம் பெரிது.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோது அம்மா திடீரென்று ஒருநாள் அப்பாவோடு சென்னைக்குப் போய், காது பரிசோதிக்கிற ஓர் அம்மாளைப் பார்த்துவிட்டு வந்தாள். வந்ததும் முதல் வேலையாகக் காதுப் பஞ்சை எடுத்துக் குப்பையில் போட்டாள். நான் புதுப் பஞ்சு உருட்டிக்கொண்டு போனேன். வேண்டாம் என்றாள். அதன் பிறகு தினமும் மத்தியானத்தில் அறைக்கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தாள். ஒருநாள் மெதுவாகத் திறந்து பார்த்தேன். கட்டிலில் கண்ணை மூடிக்கொண்டு இருந்தாள். மடியில் அப்பாவின் டச் போன். அதிலிருந்து மிகவும் சன்னமாக, பக்கத்துத் தெருவில் கேட்பதுபோல, சரவெடி வெடித்துக்கொண்டிருந்தது. அம்மாவின் மேலுதடு வியர்த்திருந்தது.

யாரோ வேண்டாதவர்கள் அதை அனுப்பி அவளை வதைக்கிறார்கள் என்று முடிவு செய்தேன். அன்று மாலையே அதைப் போனிலிருந்து அழித்தேன். மறுநாள் அம்மா அதைவிட நீளமான ஒன்றைத் தேடி எடுத்து வைத்துக்கொண்டாள். கேட்டதற்கு, “நீ போய் விளையாடும்மா” என்று மட்டும் சொன்னாள்.

அம்மா சென்னைக்குப் போவதற்குச் சில வாரம் முன்னால்தான் அக்கா பெரிய மனுஷியாகியிருந்தாள். பெரிய காஞ்சிபுரத்தில் ஒரு மண்டபத்தில் மஞ்சள் நீராட்டு விழா. தாய்மாமன் சீர் கொண்டுவர வேண்டும். என் மாமா வெறுங்கையோடு கடைக்குப் போனாலே நாலு பேருக்குத் தெரிகிற மாதிரி போகிறவர். சீர் என்றால் கேட்கவா வேண்டும்? வெடி இல்லாமல் வரமாட்டார் என்று எல்லாருக்கும் தெரியும். அம்மாவும் மாமாவும் போனில் என்னவோ பேசிக்கொண்டார்கள். ஆனால் வெடி வேண்டாம் என்று அம்மா சொன்னதாக என் காதில் விழவில்லை. எனக்கு மூன்று நாள் சாப்பாடு இறங்கவில்லை.

விழா அன்று மத்தியானம், மண்டப வாசலில் அம்மா பச்சைப் பட்டுப்புடவையில் நின்றுகொண்டிருந்தாள். பக்கத்து வீட்டில் தறி ஓடிக்கொண்டிருந்தது. அது அவளை ஒன்றும் செய்யாது. அடுத்த அடி எப்போது விழும் என்று தெரிந்த சத்தம் அது. நான் யாரும் பார்க்காமல் நழுவித் தெருமுனைக்கு ஓடினேன்.

அங்கே டீக்கடை எதிரே மாமாவின் கூட்டம் இறங்கிக்கொண்டிருந்தது. தட்டு தட்டாகப் பழம், பூ, இனிப்பு. மேளக்காரர்கள் தோளில் வாரை மாட்டிக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்கு முன்னால், ரோட்டின் குறுக்கே, சிவப்பாக நீளமாக ஒரு சரவெடி விரிக்கப்பட்டிருந்தது. டீக்கடை வாசலில் கிளாஸ் கழுவ வைத்திருந்த வாளியை இரண்டு கையாலும் இழுத்துக்கொண்டு போய் சரத்தின் மேல் கவிழ்த்தேன்.

ஓர் ஆள் என் கையைப் பிடித்தார். மாமா ஓடிவந்தார்.

“இன்னா பாப்பா இது? உங்க அக்காவுக்கு சீர் எடுத்துக்கினு வர்றேன், தண்ணிய ஊத்துறியே!”

அவர் கோபமாகக்கூடப் பேசவில்லை. சிரித்துக்கொண்டுதான் கேட்டார். அந்தச் சிரிப்புதான் என்னை உசுப்பிவிட்டது. “உங்க வெடியாலதான் எங்கம்மா காது போச்சு. தண்ணி போனதுன்னு அம்மா சொன்னது பொய்!” என்று கத்தினேன். பத்து மாதம் காப்பாற்றிய ரகசியம், மேளக்காரர் முதல் டீ குடிக்க வந்தவர் வரை அத்தனை பேருக்கும் தெரிந்துபோயிற்று.

மாமாவின் கையில் போன் இருந்தது. அம்மாவைக் கூப்பிடுவதற்காக எடுத்திருந்தார். அதை மெதுவாகச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். மேளக்காரர்களைப் பார்த்துக் கையை ஆட்டினார். தட்டுகளைத் தூக்கியவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு, அந்தத் தெரு அதுவரை பார்த்திராத விதமாக, ஒரு சீர்வரிசை வாய் திறக்காமல் நடந்து போயிற்று. முன்னால் நான் நடந்தேன். ஜெயித்துவிட்டேன் என்று நினைத்துக்கொண்டேன்.

அம்மா வாசலில் ஒரு கையில் போனைப் பிடித்தபடியும் இன்னொரு கையை மூடியபடியும் நின்றிருந்தாள். அவள் முகத்தில் நிம்மதியைத் தேடினேன். அங்கே அது இல்லை. “போன் வரலியே? ஏன் சத்தத்தையே காணோம்?” என்று என் அத்தையிடம் கேட்டுக்கொண்டிருந்தாள். கண் தெருமுனையையும் போனையும் மாறி மாறிப் பார்த்தது.

அப்போது பின்னால் ஒரு வெடி வெடித்தது.

நனையாத நுனி ஒன்று மிச்சமிருந்ததைப் பார்த்த யாரோ, வீணாகப் போகிறதே என்று பற்றவைத்திருக்கிறார்கள். ஒன்று வெடித்தது. அவ்வளவுதான் என்று எல்லாரும் மூச்சு விட்டபோது இரண்டு சேர்ந்து வெடித்தன. பிறகு ஒன்றுமில்லை. பிறகு மறுபடி ஒன்று. நனைந்த சரத்துக்கு வரிசை தெரியவில்லை. ஒவ்வொன்றுக்கும் அம்மாவின் உடம்பு தனித்தனியாகத் துள்ளியது. நாலாவதற்கு அவள் படியில் சரிந்து உட்கார்ந்து இரண்டு கையாலும் காதைப் பொத்திக்கொண்டாள். மூடியிருந்த கையிலிருந்து ஆரஞ்சு நிறத்தில், அமுக்கினால் அமுங்குகிற இரண்டு சின்ன உருளைகள் விழுந்து உருண்டன. காதில் வைத்துக்கொள்வதற்கு அந்தச் சென்னை அம்மாள் கொடுத்தவை. வீட்டில் வேண்டாம், நிஜமாகவே பெரிய சத்தம் வரும்போது மட்டும் வையுங்கள் என்று சொல்லிக் கொடுத்தவை. தினமும் போனில் வெடிச்சத்தத்தைச் சன்னமாக வைத்துக் கேட்டுப் பழகச் சொன்னதும் அவர்தானாம். வெடி வைக்குமுன் மாமா போன் செய்ய வேண்டும், அவள் இவற்றை வைத்துக்கொண்டு கை காட்ட வேண்டும், அதன் பிறகுதான் கொளுத்த வேண்டும். போனில் அவர்கள் பேசி வைத்தது இதுதான்.

மாமா வெள்ளை வேட்டியோடு தரையிலேயே அவள் எதிரில் உட்கார்ந்தார். “என்னாலயாக்கா? ஏன்க்கா என்கிட்ட சொல்லல?” என்று திரும்பத் திரும்பக் கேட்டார். அம்மாவுக்குக் கேட்டதோ இல்லையோ. என்னைப் பார்த்து, “நீ சொன்னியா?” என்றாள். தலையாட்டினேன்.

“எப்ப வெடிக்கும்னு தெரிஞ்சிருந்தா நான் நின்னுக்கினு இருந்திருப்பேனே” என்றாள். திட்டுகிற குரலில் சொல்லியிருந்தால் தேவலை.

கூட்டத்தில் சகுனம் சரியில்லை என்று ஒரு குரல் ஆரம்பித்தது. அம்மா எழுந்தாள்.

“வண்டில இன்னொரு சரம் இருக்குதா?”

“வேணாங்க்கா. இனிமே நான் வெடியத் தொட மாட்டேன்.”

“நீ தொட வேணாம். அந்த முனையிலேயே கொளுத்தச் சொல்லு. நான் கை காட்டினப்புறம்.”

அப்பா குறுக்கே வந்தார். அவரை ஒரு பார்வை பார்த்தாள், அவர் நகர்ந்துகொண்டார். உருளைகளை முந்தானையில் துடைத்து, விரலில் உருட்டி, ஒவ்வொன்றாகக் காதில் வைத்தாள். இரண்டு முறை நழுவின. தட்டு ஏந்தியவர்கள், மேளக்காரர்கள், மாடியிலிருந்து எட்டிப் பார்த்தவர்கள் எல்லாரும் காத்திருந்தார்கள். கையைத் தோள்வரை தூக்கினாள், இறக்கிவிட்டாள். மறுபடி தூக்கினாள், இறக்கினாள். நான் ஓடிப்போய் அவள் இடுப்பைக் கட்டிக்கொண்டேன். மூன்றாவது முறை கை முழுவதும் மேலே போயிற்று.

தெருமுனை பொரிந்து தள்ளியது. எவ்வளவு நேரம் என்று எனக்குத் தெரியாது. கண்ணை இறுக மூடியிருந்தேன். அம்மாவின் வயிறு என் கன்னத்தில் வெடவெடவென்று நடுங்கியது. ஆனால் கால் நகரவில்லை. எல்லாம் ஓய்ந்ததும் அவள் நீளமாக மூச்சு விட்டு, “அடிங்கப்பா” என்று மேளக்காரர்களிடம் சொன்னாள். தேம்பிக்கொண்டிருந்த தம்பிக்கு ஆரத்தி எடுத்து, நெற்றியில் பொட்டு வைத்தாள்.

இதோடு எல்லாம் சரியாகிவிட்டது என்று சொன்னால் பொய். அன்று இரவிலிருந்து மூன்று நாள் அவள் காது அலறியது. மின்விசிறியை வேகமாக வைத்து அந்த இரைச்சலுக்கு அடியில் படுத்துக்கிடந்தாள். இரண்டாம் நாள் அழுதாள். நான் செய்ததுதான் சரி என்று எனக்கு மறுபடி தோன்றியது. நாலாம் நாள் அலறல் பழைய சீறலாக இறங்கியது. அது இன்றைக்கும் இருக்கிறது. அடுத்த மாதம் அம்மா தனியாகச் சந்தைக்குப் போய்விட்டு வந்தாள். எவர்சில்வர் தட்டுகளைத் தானே இறக்கினாள். அடுப்புப் பக்கம் போன என்னை, “விசில் வந்தா வரட்டும், நீ வெளிய போய் விளையாடு” என்று துரத்தினாள். ஒரு நல்ல காவல்காரியை இப்படியா வேலையை விட்டு நீக்குவது என்று நான் பல நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தேன்.

போன வருடம் அம்மாவோடு பேசிக்கொண்டிருந்தபோது இந்தப் பேச்சு வந்தது. மாதக்கணக்கில் பஞ்சோடு முடங்கிக் கிடந்தவள் திடீரென்று சென்னைக்கு ஏன் கிளம்பினாள் என்று கேட்டேன். அக்கா விழாவுக்காக இருக்கும் என்றுதான் இத்தனை காலமும் நினைத்திருந்தேன். அம்மா சொன்னாள், அதற்கு முந்தின நாள் என் வகுப்பு டீச்சர் அவளைப் பள்ளிக்கு அழைத்தாராம். சாப்பாட்டு வேளையில் யாரோ ஒரு பிள்ளையின் டிபன் பாக்ஸ் மூடி தரையில் விழுந்திருக்கிறது. மற்றப் பிள்ளைகள் சிரித்திருக்கிறார்கள். நான் பெஞ்சுக்கு அடியில் போய் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். மணி அடித்தும் வெளியே வரவில்லையாம். வீட்டில் இந்தப் பிள்ளையை யாராவது அடிக்கிறார்களா என்று டீச்சர் கேட்டாராம்.

எனக்கு அது சுத்தமாக நினைவில்லை.