மலையடியில் கோடு வெட்டியவர்

அரும்பாவூருக்கு மேற்கே, மலைக்குப் போகிற வழியில் எங்கள் ஊர்தான் கடைசி. ஊரைத் தாண்டினால் காடு. மாசி பிறந்ததும் நாங்கள் சிலபேர் அங்கே கோடு வெட்டப் போவோம். கோடு என்றால் வேறொன்றுமில்லை. மலையடி நெடுக, ஒரு வண்டி போகிற அகலத்துக்குப் புல்லையும் புதரையும் அறுத்து, சருகைக் கூட்டித் தள்ளி, வெறும் மண் தெரிய விட்டுவிடுவது. ரோட்டில் போகிறவன் பீடியை வீசினாலும் நெருப்பு அந்த மண்ணோடு நின்றுபோகும். கூலி கிடையாது. கொடுத்தாலும் நான் வாங்கியிருக்க மாட்டேன்.

எங்களை முதன்முதலில் கூட்டிப்போனவர் ஊர் முனையில் பஞ்சர் கடை வைத்திருந்தவர். என் மகன் வயதுதான். என்னை அத்தை என்பார். லப்பைக்குடிக்காட்டுப் பாய் ஒருவரும் வருவார். துபாயில் வண்டி ஓட்டிவிட்டுத் திரும்பி, அரும்பாவூரில் அரிசிக் கடை போட்டவர். பஞ்சர்காரர் பெண்சாதி மட்டும் வரமாட்டாள். "இந்த மனுசனுக்கு கடையில ஒக்காந்தாத்தான் முள்ளு குத்துது அத்த, காட்டுல குத்த மாட்டேங்குது" என்பாள்.

டீக்கடையில் என் கொழுந்தன் விடமாட்டான். "என்ன அண்ணி, மலைக்கு வாசக் கூட்டப் போறீங்களா? அப்படியே கோலமும் போட்டுட்டு வாங்க."

"நீ வந்து புள்ளி வையி, நான் போடுறேன்" என்று சொல்லிவிட்டு நடப்பேன். யாருக்கும் பதில் பாக்கி வைத்தவள் இல்லை நான்.

முந்தின வருஷம் ஐப்பசி, கார்த்திகை இரண்டுமே பொய்த்துவிட்டன. மக்காச்சோளம் முழங்கால் உயரத்திலேயே காய்ந்தது. மழை தவறினால் மலையைக் கொளுத்துவது எங்கள் ஊரில் அந்தக் காலத்திலிருந்து உண்டு. புகை மேலே போய் மேகமாகித் திரும்பும் என்பார்கள். போன பங்குனியில் ஒரு மத்தியானம், கொழுந்தனும் இன்னும் சிலபேரும் மேலே ஏறிப்போய், சூடம் காட்டிக் கும்பிட்டுவிட்டுப் புல்லில் தீயை வைத்தார்கள். வெளியிலிருந்து வருகிற தீயைத்தான் கோடு நிறுத்தும். இதை உள்ளேயே வைத்துவிட்டார்கள்.

புகையைப் பார்த்ததும் பஞ்சர்காரர் கடையைச் சாத்தாமல்கூட ஓடினார். நானும் ஓடினேன். சொல்லியனுப்பியதும் பாயும் லோடு ஆட்டோவோடு வந்து சேர்ந்தார். வேப்பந்தழையை ஒடித்து, கீழே இறங்கிய தீயை அடித்துக்கொண்டிருந்தோம். அப்போது காற்று தீயை, மேலே ஊற்று இருக்கிற ஓடைப் பக்கம் தள்ளியது.

"ஓடைக்கர மரமெல்லாம் போச்சுன்னா ஊத்தும் போயிரும் அத்த" என்று பஞ்சர்காரர் மேலே ஏறினார்.

"உள்ள போவாதய்யா, காத்து சரியில்ல!"

"இந்தா வந்துட்டேன்."

காற்று திரும்பிவிட்டது. பாய்தான் ஈரச் சாக்கைப் போர்த்திக்கொண்டு உள்ளே போய் அவரைத் தூக்கிவந்தார். எது சட்டை, எது தோல் என்று தெரியவில்லை. பெரம்பலூருக்குக் கொண்டுபோனோம். அங்கிருந்து திருச்சிக்கு.

அந்த வாரமே மழை கொட்டியது. ஊரே வாசலில் இறங்கி நனைந்ததாம். ஓடை கரித்தண்ணியாக ஏரிக்கு இறங்கியதாம். நான் திருச்சியில் அவர் கட்டில் பக்கத்தில் இருந்தேன். ஜன்னலில் சத்தம் கேட்டு, "நம்ம ஊர்லயும் பேயுதா அத்த?" என்றார்.

"பேயுதாமய்யா."

"நல்லது" என்று கண்ணை மூடிக்கொண்டார். அன்றைக்குச் சாயங்காலமே போய்விட்டார்.

கருமாதிக்குக் கொழுந்தன் வந்தான். தேம்பித் தேம்பி அழுதான். அது பொய் அழுகை இல்லை. அழுதுகொண்டே கேட்டான், "அதுக்காக மழ வரலைன்னு சொல்லுவீங்களா அண்ணி?"

மழை வந்தது நிஜம்தானே.

பாய் சொல்லிப் பார்த்தார். "கோடையில ரெண்டு மழ எல்லா வருசமும் பேயறதுதான தம்பி? அல்லா குடுக்குறதுக்கு நீங்க எதுக்கு நெருப்பு வைக்கணும்?" யாரும் காதில் வாங்கவில்லை. கொளுத்தினால் மழை வரும் என்று ஊர் கண்ணால் பார்த்துவிட்டது. அடுத்து மழை தவறினாலும் கொளுத்துவார்கள்.

தீ வைத்தவனை இப்போதும் டீக்கடையில் "மழ கொண்டாந்தவரு" என்கிறார்கள். அணைக்கப் போனவரைப் பற்றிப் பேச்சில்லை. எனக்கு எழுத்து அவ்வளவாக வராது. எழுத்துக் கூட்டியாவது இதை எழுதுகிறேன். கூலி வாங்காமல், மாலைக்கு ஆசைப்படாமல், இந்த மலைக்காக உழைத்த மனிதர் அவர். இதை ஒருவராவது சொல்லவேண்டும்.

இந்த மாசியில் நானும் பாயும் மட்டும்தான் போனோம். கொஞ்ச நேரத்தில் பஞ்சர்காரர் பெண்சாதி அரிவாளோடு வந்தாள். மலையடியில் நிற்காமல் நேரே ஓடைக்கு ஏறினாள். பாதி மரங்கள் கருகி நிற்கின்றன. மீதியைச் சுற்றிச் சருகை இழுக்க ஆரம்பித்தாள்.

"அங்க எதுக்கும்மா?" என்று கீழேயிருந்து கேட்டேன்.

"உள்ள வந்து தீ வைக்கிறவங்களுக்கு, கீழ மட்டும் வெட்டி என்ன பண்றது அத்த? இங்கயும் ஒன்னு வெட்டணும்."

பாய் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு அவளிடம் ஏறினார். என் முழங்காலுக்கு அந்த ஏற்றம் ஆகாது. கீழ்க் கோடு முழுவதையும் நான் ஒருத்தியாகக் கூட்டினேன்.