மாலையில் மட்டும் குளிர்ந்த வீடு

புலம்பெயர்ந்து வந்த டூட்டிங்கில் ஒரு கடைக்கு மேலே நாங்கள் வாடகைக்கு எடுத்த வீடு முன்பு யாருடையதோ அலுவலகம். அதனால் மற்ற வீடுகளைப்போல் சுவரோரம் சூடேற்றும் ரேடியேட்டர்கள் இல்லை. உள்ளே கூரைக்குக் கீழே நீளமாக ஒரு மெஷின், வெளியே மொட்டைக் கூரையில் விசிறி வைத்த ஒரு பெட்டி. வெளிக் குளிர்காற்றிலிருந்தே சூட்டை உறிஞ்சி உள்ளே தள்ளுமாம், பெயர் ஹீட் பம்ப் என்று வீட்டுக்காரர் பெருமையடித்தார். குளிர்காற்றில் என்ன சூடு இருக்கும்? எனக்கு அன்றைக்கே அதில் நம்பிக்கையில்லை. ஆனால் அது கோடை காலம். வாயை மூடிக்கொண்டு வீட்டுத் திறப்பை வாங்கினேன்.

மெஷினை இயக்கும் சின்னப் பெட்டி சுவரில் இருந்தது. அறை எவ்வளவு சூடு என்று பார்த்து மெஷினுக்குச் சொல்வதும் அதுதான். அதற்கு நேர் கீழே ஏற்கெனவே ஒரு பலகைத் தட்டு அடித்திருந்தார்கள். கிழக்குப் பார்க்க நல்ல இடம் என்று மனைவி சாமிப் படங்களை அதில் வைத்து, மாலைகளில் விளக்கேற்றினாள்.

இலை உதிர்காலத்தில் மகள் பிறந்தாள். மாதம் நிறையாத பிள்ளை, என் இரண்டு கைக்குள் அடங்கிவிடுவாள். அறையைச் சூடாக வைத்திருங்கள், காலை அடிக்கடி தொட்டுப் பாருங்கள் என்று ஆஸ்பத்திரியில் சொல்லி அனுப்பினார்கள். யாழ்ப்பாணத்திலிருந்து வந்த ஒருவரிடம் அப்பாவும் அதையேதான் சொல்லிவிட்டிருந்தார்: "பேத்திக்குக் குளிர் படாமல் பாக்கச் சொல்லுங்கோ." பனி கொட்டுவதையே காணாத மனுசன். எனக்குச் சிரிப்பு வந்தது.

முதல் மாதம் ஒரு தொல்லையும் இல்லை. பிள்ளை பிறந்த துடக்கில், அதாவது தீட்டு நாட்களில், எங்கள் வீடுகளில் சாமிக்கு விளக்கு வைப்பதில்லை. முப்பத்தொன்றாம் நாள் கழிந்ததும் மனைவி வீடு முழுக்கக் கழுவி, தட்டில் மூடியிருந்த துணியை எடுத்துவிட்டு மறுபடி விளக்கேற்றத் தொடங்கினாள். அதே வாரம் வெளியே பனியும் கொட்டத் தொடங்கியது.

அன்றிலிருந்து பிடித்தது சனியன். பகலெல்லாம் ஒழுங்காக வேலை செய்யும் மெஷின், பொழுதுபட்டதும் வெறும் காற்றைத்தான் ஊதும். வேலையால் வந்து கோட்டைக் கழற்றாமலே பிள்ளையின் காலைத் தொடுவேன். பச்சைத் தண்ணீரில் கிடந்ததுபோல் இருக்கும். கம்பளி, தொப்பி, இரண்டு சோடி காலுறை எல்லாம் போட்டுத்தான் அந்த நிலை. எனக்கு வந்த கோபத்தில் மெஷினை இரண்டு தட்டும் தட்டினேன்.

பக்கத்துக் கோலியர்ஸ் வுட்டில் குளிர்சாதனம் திருத்தும் அண்ணை ஒருவரைக் கூப்பிட்டேன். அவருக்குப் பகலில்தான் வர ஏலும். வடிகட்டியைக் கழுவினார், காஸ் பார்த்தார், வெளிப்பெட்டியில் ஐஸ் பிடித்திருக்கிறதா என்று குனிந்து பார்த்தார். மெஷின் அவருக்கு முன்னால் நல்ல பிள்ளையாகச் சூட்டைக் கொட்டியது.

"தம்பி, இதில ஒரு பிழையும் இல்லை."

"அப்ப பின்னேரத்தில மட்டும் ஏன் அண்ணை இந்தக் கோதாரி வேலை செய்யுதில்லை?"

"பின்னேரம் குளிர் கூடவெல்லோ. பாப்பம்."

மனைவிக்கு இனிக் கடவுள்தான் கதி. ஒரு திரி போட்டவள் இரண்டு போட்டாள். எனக்குப் பக்தி குறைவு. ஆனாலும் பிள்ளையின் கால் என்னைப் போட்டு வாட்டியது. நானே கடைக்குப் போய் ஐந்து திரி போடும் பெரிய விளக்கு வாங்கி வந்து தட்டில் வைத்தேன். அன்று மாலை மெஷின் அசையவே இல்லை. மூன்று பேரும் ஒரே போர்வைக்குள் இருந்தோம்.

தை மாதத்தில் கொழும்பிலிருந்து உறவினர் ஒருவர் அழைத்தார். யாழ்ப்பாணத்தில் அப்பா போய்விட்டார். நெஞ்சுவலி, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வாகனம் கிடைக்கவில்லையாம். போக வழியில்லாத மகன் நான், கதிரையில் அப்படியே இருந்தேன். மனைவி விளக்கை எடுத்து உள்ளே வைத்துவிட்டு, சாமிப் படங்களைத் துணியால் மூடினாள். மறுபடியும் துடக்கு.

பொழுதுபட்டதும் துக்கம் விசாரிக்க ஆட்கள் வந்தார்கள். வந்தவர்கள் ஒவ்வொருவராகக் கோட்டைக் கழற்றினார்கள். கோலியர்ஸ் வுட் அண்ணையும் வந்திருந்தார். மெல்லக் குனிந்து, "ஆர் தம்பி மெஷினைத் திருத்தினது?" என்று கேட்டார். ஒருவரும் திருத்தவில்லை என்றேன். அப்போதுதான் மனைவி பிள்ளையைக் கொண்டுவந்து என் மடியில் வைத்தாள். காலுறை இல்லை.

"காலைத் தொட்டுப் பாருங்கோ," என்றாள்.

சூடாக இருந்தது. நான் சுவரைப் பார்த்தேன். சின்னப் பெட்டிக்குக் கீழே தட்டு இருட்டாகக் கிடந்தது. மனைவியும் அங்கேதான் பார்த்துக்கொண்டிருந்தாள். இத்தனை நாளும் விளக்குச் சூட்டை அறைச் சூடு என்று நம்பி அந்தப் பெட்டி மெஷினை நிற்பாட்டி வைத்திருக்கிறது. நாங்கள் திரியைக் கூட்டக் கூட்ட, பிள்ளை குளிர்ந்திருக்கிறாள். அப்பா செத்துத்தான் அது தெரிய வேண்டியிருந்தது. அத்தனை பேருக்கு முன்னால் பிள்ளையின் காலைப் பிடித்துக்கொண்டு வாய்விட்டு அழுதேன்.

முப்பத்தொன்று முடிந்த மாலை, சாமிப் படங்களைச் சமைக்கும் குசினியின் யன்னலோரம் மாற்றினோம். "இண்டைக்கு நீங்கள் ஏத்துங்கோ," என்றாள் மனைவி. ஒரு திரி போட்டு ஏற்றினேன். எனக்குத் தேவாரம் ஒன்றும் நினைவுக்கு வரவில்லை.

"அப்பா, பிள்ளைக்குக் குளிரேல்லை," என்றேன்.