புள்ளி உள்ளே போன கியர்

ஒரகடத்தில் ஒரு இன்ஜின் கம்பெனியில் பல வருஷம் காண்ட்ராக்ட்டில் இருந்தவன் ஜீவானந்தம். கிராங்க் ஷாஃப்ட்டில் கியரை ஏற்றுவது அவன் வேலை. தட்டில் கியர்கள் கவிழ்ந்து வரும். எடுத்துத் திருப்பி வைத்து, பட்டனை அமுக்கினால் பிரஸ் இறுக்கிவிடும். தப்பாக ஏறினால் சிவப்புத் தொட்டியில் போட்டுவிட்டு அடுத்ததை எடுக்க வேண்டியதுதான். கழற்றுகிற வேலையே அங்கே கிடையாது.

அந்த லைனை மூடி அவனை அனுப்பிவிட்டார்கள். சேரப்பணஞ்சேரியில் என் லேத் பட்டறைக்குப் பக்கத்திலேயே கொட்டகை போட்டு, இன்ஜின் மெக்கானிக் என்று உட்கார்ந்தான். வேலைக்காரன்தான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் கோபம் மூக்கு நுனியில் இருக்கும்.

நாச்சியார் அக்கா திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். கம்பெனியில் வேலை செய்யும் தெக்கத்திப் பையன்களுக்கு மெஸ் நடத்துகிறார். ரூம் ரூமாகச் சோறு போவது ஒரு பழைய லோடு ஆட்டோவில். அதன் கிராங்க் உடைந்துபோனது. அந்த மாடலே இப்போது வருவதில்லை. வாலாஜாபாத்தில் பழைய இரும்புக் கடையில் அலசி கியர் இல்லாத ஒரு கிராங்க்கும், வேறு எங்கோ தேடி ஒரு கியரும் கொண்டுவந்தார். இரண்டில் எது கெட்டாலும் வண்டியை எடைக்குப் போட வேண்டியதுதான். பையன்களும் அதற்குள் வேறு மெஸ்ஸுக்குப் போக ஆரம்பித்திருந்தார்கள்.

அக்காவின் வடைச் சட்டியில் எண்ணெய் காயவைத்து, கியரைச் சூடாக்கினான் ஜீவா. சூட்டில் விரிந்தால் கையாலேயே ஏறும், ஆறினால் கவ்விக்கொள்ளும். அடுத்த கியரோடு நேர் பார்த்துச் சேர்க்க ஒரு முகத்தில் குத்தியிருக்கும் டைமிங் புள்ளி மேலே தெரியும்படிதான் சட்டியில் வைத்தான். இடுக்கியால் எடுத்தான். எடுத்த கை, கம்பெனிப் பழக்கத்தில் திருப்பிவிட்டது. திருப்பியதை அவனும் பார்க்கவில்லை, நானும் பார்க்கவில்லை. ஏறி இறுகிய பிறகு பார்த்தால் புள்ளி உள்பக்கம். புள்ளி தெரியாமல் டைமிங் சேராது, இன்ஜின் ஓடாது.

உடனே சுத்தியலை எடுத்தான். நான் கையைப் பிடித்தேன். அடித்தால் பல் போகும், இல்லாவிட்டால் ஷாஃப்ட் கோணும் என்றேன். எனக்குத் தெரியாதா என்று என் மேல் பாய்ந்தான். தெரிந்தவன் எதற்குச் சுத்தியலை எடுத்தான் என்று நான் கேட்கவில்லை.

காலால் பிடித்து இழுத்துக் கழற்றும் புல்லரைப் போட்டான். கியருக்குப் பின்னால் நகம் நுழையத்தான் இடம். புல்லர் கால்கள் பல்லின் விளிம்பை மட்டும் பிடித்து வழுக்கின. திரும்பத் திரும்பப் போட்டான், திரும்பத் திரும்ப வழுக்கியது. ஸ்பேனரை வீசினான். அது என் பட்டறைத் தகரத்தில் வந்து விழுந்தது.

தடியான தகட்டில் ஓட்டை போட்டு, இரண்டு பாதியாக அறுத்து, அந்த இடுக்கில் நுழையும்படி உள்விளிம்பை நகக் கனத்துக்குச் சீவிக் கொடுத்தேன். கியருக்குப் பின்னால் இரண்டு பக்கமும் செருகி போல்ட்டால் சேர்த்தால், பல்லை விட்டுவிட்டு முழு வட்டத்தையும் பிடிக்கும். ஷாஃப்ட் முனை நசுங்காமல் இருக்கப் பித்தளைத் துண்டு வைத்து, புல்லரை முறுக்கி நிறுத்தினான். கியரை மட்டும் சுற்றிச் சுற்றி கேஸ் நெருப்பால் சூடு காட்ட வேண்டும், ஷாஃப்ட் சூடாகக் கூடாது. அதற்காக ஷாஃப்ட்டில் ஈரத்துணி சுற்றியிருந்தான். அக்காவிடம் சொம்பைக் கொடுத்து, தான் சொல்லும்போது தண்ணி காட்டச் சொன்னான்.

கியர் சூடேறியது. புல்லர் முனகியது. அசைகிற நேரம்.

“அக்கா, தண்ணி காட்டு.”

அக்கா சொம்பை அப்படியே கியர் மேல் கவிழ்த்தார். புஸ் என்று ஆவி அடித்தது. விரிந்த கியர் சுருங்கி முன்னை விட இறுக்கமாகக் கவ்வியது.

“இன்னாக்கா பண்ணிக்கினு கீற நீ? துணிக்குச் சொன்னா கியர் மேல ஊத்துறியே.”

“எய்யா, இரும்புக்குத் தண்ணி காட்டுன்னா எங்கூருல ஆசாரி இரும்பு மேலதான் ஊத்துவாரு. துணிக்கின்னா துணிய நனைன்னு சொல்லணும்.”

“புரியாம கைய வைக்காத.”

“புள்ளிய உள்ள போட்டவன் நானா, நீயா?”

ஜீவா போய் வெளியே உட்கார்ந்துகொண்டான். சிவப்புத் தொட்டி இருந்திருந்தால் தூக்கிப் போட்டுவிட்டு வீட்டுக்குப் போயிருப்பான். அக்கா போகவில்லை. துணியை அவிழ்த்து நனைத்துத் தானே சுற்றினார். சொம்பை நிரப்பிக்கொண்டு நின்றார். அவர் நிற்பதைப் பார்த்து, முணுமுணுத்துக்கொண்டே இவன் எழுந்து வந்தான்.

மறுபடி நெருப்பு. இந்தத் தடவை அக்கா துணிக்கு மட்டும் சொட்டுச் சொட்டாக ஊற்றினார். கியர் நீலம் பாய்ந்தால் பல்லின் உறுதி போய்விடும். அதற்காக ஜீவா நெருப்பை விலக்கி விலக்கிக் காட்டினான். டக் என்று ஒரு சத்தம். அதற்குப் பிறகு வழுக்கிக்கொண்டு வந்தது கியர்.

ஷாஃப்ட்டைத் துணியால் துடைத்துப் பார்த்தோம். கீறல் இல்லை. பல்லிலும் இல்லை.

சூடு இருக்கும்போதே திருப்பிப் போட வேண்டும். இடுக்கியை நீட்டிய ஜீவா நிறுத்தினான். அவன் கையை அவனே நம்பவில்லை. அக்கா இடுக்கியைப் பிடுங்கி, புள்ளியைத் தன் பக்கம் வைத்து, அப்பளம் எடுப்பது போல எடுத்து ஷாஃப்ட்டில் இறக்கினார். “இப்ப சரியா?” என்றார். அவன் குனிந்து, கியர் தனியே சுற்றாமல் ஆப்பு உட்காரும் சாவிப்பள்ளத்துக்கு நேராகத் தட்டிவிட்டான்.

மறுநாள் சாயங்காலம் வண்டி புகை விட்டுக்கொண்டு ஸ்டார்ட் ஆனது. அக்கா ஏற்றிய சோற்றுக் குண்டானில் பாதிதான் நிரம்பியிருந்தது. மீதிப் பையன்களைத் திரும்பப் பிடிக்க ரூம் ரூமாகப் போய்ப் பேசப் போகிறேன் என்றார். ஜீவா அவரை உட்காரச் சொல்லிவிட்டு, ஆக்ஸிலேட்டரை இன்னொரு தடவை முறுக்கிச் சத்தம் கேட்டான். முகத்தில் கடுகடுப்பு இறங்கவே இல்லை.